'காசு குடுத்தது நான், கோடு என்னோடது': ஃப்ரீலான்சர் ஒப்பந்தத்தில் விடுபடும் ஒரு வரி

கோவில்பட்டி கடலை மிட்டாய்க் கடைக்கு எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் வெப்சைட் செய்து தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில்தான். "நீங்க பண்ணுங்க தம்பி, பாத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். "சரி அண்ணாச்சி" என்கிறார் இவர். ஆறு மாதம் கழித்து, அதே கோடை இன்னொரு கடைக்கும் விற்கிறார். "காசு குடுத்தது நான், கோடு என்னோடது" என்று அண்ணாச்சி சண்டைக்கு வருகிறார்.

கோடு யாருடையது? பெரும்பாலும் தம்பியுடையது.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியிலிருந்து செய்து கொடுப்பவர் எழுதியது, கையெழுத்திட்டு மாற்றித் தரும்வரை அவருக்கே சொந்தம். (காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால் கதை தலைகீழ்.) வாட்ஸ்அப் 'ஓகே' வேலைக்கான ஒப்பந்தமாகலாம், உரிமையை மாற்ற அது போதாது. எழுதி மாற்றினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

எட்டயபுரத்துக்கு இந்த வம்பு புதுசில்லை. அந்த ஊரில் பிறந்த பாரதியின் பாடல்களில் அச்சு உரிமை ஒரு கையில், இசைத்தட்டு உரிமை இன்னொரு கையில் என்று பிரிந்து கிடந்தது. இசைத்தட்டு உரிமை கைமாறி ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' (1948) படத்தில் பாரதி பாட்டு ஒலித்தபோது பிரச்சினை வெடித்தது. மக்களிடம் எழுந்த கோரிக்கையால் 1949இல் அரசே உரிமைகளை எடுத்துக்கொண்டது. செட்டியாரை இதில் வில்லனாக்குவது சுலபம். ஆனால் எந்த உரிமையை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியவர் அவர்.

இன்றைய பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கூகுளில் கிடைத்த அமெரிக்க டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறார்கள். வழக்கு வந்தால் டெலவேர் நீதிமன்றம் என்று அதில் இருக்கும். கோவில்பட்டியிலிருந்து யார் போவது? 'கோடு முழுசும் கடைக்கு, வேறு யாருக்கும் தரமாட்டேன்' என்றோ, 'கடை பயன்படுத்தலாம், உரிமை எனக்கு' என்றோ தமிழிலேயே ஒரு வரி எழுதினால் செல்லும். முதலாவதற்கு ரேட்டைக் கூட்டிக் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது, "பாத்துப் போட்டுத் தர்றேன்". அது தொகையும் இல்லை, தேதியும் இல்லை. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழிலாக இருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்கும். வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து, தேதி எழுதாவிட்டால் 15 நாளுக்குள்ளும், எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டுவட்டி. அது அண்ணாச்சி கடைக்கும் பொருந்தும், சென்னைக் கம்பெனிக்கும் பொருந்தும்.