ஆபீஸில் எக்ஸெல் பாடம்

ஆபீஸில் மற்றவர்களுக்கு எக்ஸெலில் அறிக்கை தயாரிக்கச் சொல்லித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா, சகோதரி? எல்லா மெனுவையும் ஒரே நாளில் காட்டாதீர்கள்; தலைதான் சுற்றும்! அவர்கள் மாதா மாதம் கையால் கூட்டும் கணக்கையே பாடமாக எடுத்துக் கொள்ளுங்கள்.

முதல் நாள் ஒரே விஷயம்: தொகைக் கட்டத்தில் எண் மட்டுமே. ‘500 ரூபாய்’ என்று அடித்தால் எக்ஸெல் அதை எழுத்தாக நினைத்து, கூட்டலில் விட்டுவிடும். விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது! மறுநாள் பிவட் டேபிள். தலைப்பு வரிசையில் காலிக் கட்டம் இருந்தால் அது மறுத்துவிடும்.

மௌஸை நீங்கள் பிடுங்காதீர்கள்.

பேரேடு எழுதியே தலை நரைத்த அம்மாள், நேற்று வந்த பையன்கள் எதிரில் சந்தேகம் கேட்கக் கூசுவார். அவரை டிபனுக்குப் பிறகு தனியே உட்கார வைத்து, போன மாதக் கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.