விதைநெல்லை விற்கலாமா?



"வெண்பா" என்றதும் இலக்கண வகுப்பு என்று பயந்துவிடாதீர்கள். இது வீடியோ கேம். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய், தன் அம்மாவின் எழுத்தழிந்த சமையல் நோட்டைப் பார்த்து இட்லி அவிக்கும் கதை. டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்தது. 2023 ஜூலையில் வெளியான அன்றே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் கிடைத்தது. எக்ஸ்பாக்ஸ் விற்கும் கம்பெனி வெளியாருக்கும் கதவைத் திறந்ததால் நம் இட்லி உலகம் சுற்றியது. மகிழ்ச்சிதான்.

2024 ஏப்ரலில் லண்டன் பாஃப்டா விழாவில் வெண்பாவுக்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது. அதே விழாவில் அனிமேஷன் விருது 'ஹை-ஃபை ரஷ்'ஷுக்கு. அதைச் செய்தது டோக்கியோவில் இருந்த மைக்ரோசாஃப்டின் சொந்த ஸ்டூடியோ, டாங்கோ கேம்வொர்க்ஸ். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 7 அன்று அதை மூடுவதாக அறிவித்தார்கள்!

வெளியார் செய்ததை வாங்கினால் வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டாம். கணக்கு சரிதான். ஆனால் 2010 முதல் சேர்ந்து உழைத்துத் தொழில் கற்றவர்களை எந்தக் கடையில் வாங்குவது? நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாப்பாட்டு அரிசியை வெளியே வாங்கலாம். அதற்காக விதைநெல்லை விற்பார்களா?

நல்லவேளை, அந்த ஆகஸ்டிலேயே பப்ஜி புகழ் கிராஃப்டன் டாங்கோவை எடுத்துக்கொண்டது. விதை தப்பியது. எல்லா விதைக்கும் அந்த யோகம் வாய்க்காது.

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகளே, வெளியாருக்கு வேலை கொடுங்கள். ஆனால் உங்கள் ஆட்கள் வேலை கற்கும் இடத்தை மூடிவிடாதீர்கள்.

வாழ்க வளமுடன்.