பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறலாமா?



காலேஜ் போகிற பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும்னு பல வீட்டில் பேச்சு நடக்குது. கடையில் "இது 4.5 கிகாஹெர்ட்ஸ், செம ஸ்பீடு" என்பார்கள். நாமும் தலையாட்டி விடுகிறோம். அந்த ஒரு எண்ணை நம்பி வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

1 கிகாஹெர்ட்ஸ் என்றால் பிராசஸரில் ஒரு நொடிக்கு 100 கோடி துடிப்பு. ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியுது? சின்னக் குடத்தோடு ஓடுகிறவரா, பெரிய குடத்தோடு நடக்கிறவரா, யார் தொட்டியை முதலில் நிரப்புவார்? கால் வேகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதே!

இது நிஜமாகவே நடந்தது. இன்டெல் கம்பெனி 2000-ல் பென்டியம் 4 கொண்டு வந்து, 2004-க்குள் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றியது. சூடு தாங்கலை. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை அந்த வருஷமே கைவிட்டது. 2006-ல் வந்த கோர் 2 டுயோவின் வேகம் 3 கிகாஹெர்ட்ஸ்கூட இல்லை. ஆனாலும் அது பென்டியம் 4-ஐ முந்தியது!

அதில் இரண்டு கோர். கோர் என்பது வேலை செய்கிற ஆள் மாதிரி. அதற்காக கோர் கூடினால் போதும் என்றும் இல்லை. பத்துப் பேர் சேர்ந்தால் காய் சீக்கிரம் நறுக்கலாம். உலை சீக்கிரம் கொதிக்குமா? பிரித்துச் செய்ய முடியாத வேலைக்கு ஒரு கோரின் திறமைதான் உதவும்.

அப்போ டர்போ? 2008-ல் இன்டெல் கோர் ஐ7-ல் டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் வேகம் தானாக ஏறும். எல்லா கோரும் ஒன்றாக உழைத்தால் அவ்வளவு ஏறாது. ஒல்லியான லேப்டாப் சீக்கிரம் சூடாகி, வேகம் இறங்கிவிடும். 100 மீட்டர் ஓடுகிற வேகத்தில் 1500 மீட்டர் ஓட முடியுமா? டர்போ பொய் என்று நான் சொல்லலை. சட்டென்று முடிகிற வேலைக்கு நல்லதுதான். ஆனால் அட்டையில் பெரிசாகப் போடுவது அந்த 100 மீட்டர் வேகத்தைத்தான்.

நம் வீடுகளில் லேப்டாப் வாங்குவது சீட்டுப் பணத்தில், இல்லாவிட்டால் அம்மா நகையை அடகு வைத்து. அதனால் கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள்: எந்த வருஷத்து பிராசஸர்? எத்தனை கோர்? டர்போ இல்லாமல் அடிப்படை வேகம் எவ்வளவு? ரேம் எவ்வளவு?

கேள்வி கேட்பது நம் உரிமை. கேட்டுத்தான் வாங்குவோம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி