இழிசொல்லும் குடிப்பெயரும்

ஆங்கிலம் எழுதப் புகும் நம் மாணாக்கர் பலர், தீயோரைச் சுட்டுங்கால் வசைமொழியே எழுத்துக்கு அழகென மயங்குகின்றனர். ஆங்கிலத்துத் 'தக்' என்னும் சொல், வஞ்சகன் எனப் பொருள்படும் இந்திச் சொல்லினின்று பிறந்தது. அது செயல் பற்றிய பெயர். 'பரையா' என்பதோ அத்தகையதன்று. சமூகத்தால் ஒதுக்கப்பட்டோன் என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் அச்சொல், பறையர் என்னும் நம் தமிழ்க்குடியின் பெயரே. குற்றமற்ற குடியொன்றின் பெயரைக் குற்றவாளிக்குச் சூட்டுதல் முறையாமோ?

சொல்லின் வேரைப் பிறநாட்டார் அறியார் என்பர் சிலர். அறிந்த நாமும் எழுதலாமோ? இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்னும் பெயராலேயே இதழ் தொடங்கினாரே எனின், தம் பெயரைத் தாமே தலைநிமிர்ந்து உரைத்தல் வேறு. பிறர் அதனை வசையாக வீசுதல் வேறு.

வெறுஞ்சொல்தானே என்று அமைதலும் தகாது. நாவில் தொடங்கும் இழிவு கையளவும் செல்லும். 2012 நவம்பரில் சாதிவெறியால் நத்தம் காலனி முதலிய குடியிருப்புகள் எரியுண்டது நம் தருமபுரி மாவட்டத்திலேயன்றோ?

ஆதலின், பொய்யனைப் பொய்யனென்றும் கள்வனைக் கள்வனென்றும் எழுதுவோமாக. செயலைக் கடிக, பிறப்பை இகழற்க.