பிஞ்சுக் கால்களின் பிரதட்சிணம்

கருங்குழியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், மதுராந்தகம் ஏரி காத்த இராமரைச் சனிக்கிழமைதோறும் வலம் வருவதைப் பல்லாண்டு நியமமாகக் கொண்டவர். மகள் குடும்பம் பாரிஸ் மாநகரில் வாழ்கிறது. கோடை விடுமுறையில் நான்கு வயதுப் பேரனைக் கவனித்துக்கொள்ள அவர் அங்கே செல்ல நேர்ந்தது. கோயில் இல்லாத ஊரில் நாட்கள் எப்படிக் கழியுமோ என்று கலங்கினார். போன பிறகு வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. பேரன் பேசியதெல்லாம் பிரெஞ்சு மொழி. பாட்டியின் கதைகளில் அவன் மனம் ஒட்டவே இல்லை.

நகரின் வடபகுதியான லா ஷப்பேலில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இருப்பதை மகள் சொன்னார். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்களின் முயற்சியால் 1985இல் உருவான ஆலயம் அது. சுற்றிலும் மல்லிகைச் சரமும் கறிவேப்பிலையும் விற்கும் தமிழ்க் கடைகள். வீட்டிலிருந்து அரை மணி நேர நடை.

மறுநாளே பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி புறப்பட்டார். உச்சிக்கால பூஜைக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. குழந்தைக்கோ அவசரமே இல்லை. புறாவைக் கண்டால் நின்றான்; ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் ஏறி இறங்கினான். பாட்டி இழுக்க, அவன் அழ, பாதி வழியிலேயே பூஜை நேரம் கடந்துவிட்டது. ஆற்றாமையோடு அவர் அங்கிருந்த இருக்கையில் அமர்ந்தார்.

எதிரே பச்சை வண்ண இரும்புக் குடிநீர் ஊற்று ஒன்று. நான்கு பெண் உருவங்கள் மேற்கூரையைத் தாங்க, நடுவே மெல்லிய தாரையாக நீர் விழுந்தது. 1870-71இல் போரால் பாரிஸ் முற்றுகையிடப்பட்டுக் குடிநீருக்கு ஏழைகள் தவித்தபின், ரிச்சர்டு வாலஸ் என்னும் ஆங்கிலேயச் செல்வந்தர் தம் பொருளைக் கொண்டு 1872 முதல் நகரெங்கும் நிறுவச் செய்த ஊற்றுகள் இவை. அன்பு, எளிமை, ஈகை, தன்னடக்கம் ஆகியவற்றையே அந்நான்கு உருவங்களும் குறிக்கின்றன. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான் அங்கே இரும்பில் நிற்கிறது!

பேரன் இரு கைகளையும் குவித்து நீரை ஏந்தினான். பாதி வழிந்துபோக, எஞ்சியதைச் சிந்தாமல் அடிமேல் அடி வைத்துக் கொண்டுவந்து பாட்டியிடம் நீட்டினான். அந்த நடையைக் கண்டதும் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க் குடம் ஏந்தி நடப்பதுபோல் மெல்லப் பிரதட்சிணம் செய்ய வேண்டும் என்பார்கள் பெரியோர். எத்தனையோ முறை பிறருக்குச் சொன்ன வாசகம்! தாமோ பேருந்தைப் பிடிக்கும் வேகத்தில் சுற்றி முடித்ததே அதிகம்.

அடுத்த நாள் முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டார். குழந்தை நின்ற இடத்தில் தாமும் நின்றார். அவன் ஒன்றைச் சுட்டிப் பிரெஞ்சுப் பெயர் சொல்வான். பாட்டி தமிழ்ப் பெயர் சொல்வார். படி, புறா, தண்ணீர், கோபுரம் என ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் அவன் நாவில் ஏறியது. சில நாட்களில், "பிள்ளையாருக்கு ஏன் பெரிய காது?" என்று அவனே கதை கேட்கத் தொடங்கினான்.

கோடை முடிவில் ஆலயத் தேர்த்திருவிழா வந்தது. வீதியில் குவிந்த தேங்காய்கள் உடைபட, பாரிஸ் தெருக்களில் பல்லாயிரம் மக்கள் நடுவே தேர் அசைந்து அசைந்து வந்தது. பாட்டியின் கையைப் பற்றியபடி பேரன் வியந்து சொன்னான்: "பாட்டி, பிள்ளையாரும் என்னை மாதிரி மெதுவாத்தான் வரார்!"

பேரக்குழந்தையோடு கோயிலுக்குப் போகும் பெரியோர் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது நலம். வீட்டு வாசலைத் தாண்டியதுமே பிரதட்சிணம் தொடங்கிவிடுகிறது.