ஓட்டுநர் இருக்கையில் யார்?

கடந்த மூன்று வாரமாக இந்தப் பத்தியைக் காணோமே என்று விசாரித்த வாசகர்களுக்கு முதலில் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. நானும் என் கணவரும் ஆஸ்திரேலியாவில் ஒரு கேம்பர்வேனுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம்.

பெர்த்தில் மகள் இருக்கிறாள். "பேரனைப் பார்த்தது போதும், கொஞ்சம் ஊரையும் பாருங்க" என்று அவளே வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். பெர்த்திலிருந்து அடிலெய்டு வரை ஏறக்குறைய 2,700 கி.மீ. ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹித்தாம் வரையுள்ள நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை மூன்றரை முறை ஓட்டினால் வரும் தூரம். அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்டவேண்டும் என்பதால் என் கணவருக்கு ஒரே உற்சாகம்.

வண்டிக்குள் ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, சின்ன ஐஸ்பெட்டி, அதைவிடச் சின்ன கழிவறை. 34 வருட மண வாழ்க்கையில் பகலெல்லாம் அவர் தொழிற்சாலையில் இருந்தார், நான் பள்ளியில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் ஆளுக்கொரு அறை உண்டு. இங்கே ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். மூன்றாம் நாளே ஒரு கரண்டிக்காகச் சண்டை போட்டோம். கழிவறைத் தொட்டியைக் கழற்றி, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவும் வேலை அவருடையது. அந்த ஒரு காரணத்துக்காகவே சண்டையை நான்தான் முடித்துவைத்தேன்.

நல்லார்பர் சமவெளி அதற்குப் பிறகு வருகிறது. லத்தீன் மொழியில் 'மரமே இல்லை' என்று பொருள். அதை நெருங்கும் வழியில் 146.6 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து மலாக்கா போகும் தூரத்துக்கு ஸ்டியரிங்கைத் திருப்பும் வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையமும் உணவுக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த ரோட்ஹவுஸ் ஒன்றை விட்டால் அடுத்தது நூறு, நூற்றைம்பது கி.மீ. தள்ளித்தான் வரும். குடிநீரை நாமே சுமந்து போக வேண்டும். சில இடங்களில் சாலையின் குறுக்கே விமான ஓடுபாதைக்குரிய வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு, பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அந்தச் சாலையிலேயே இறங்குமாம். அதைப் படித்ததும் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானொலிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நல்லார்பர் ரோட்ஹவுஸில் தங்கிய இரவு, எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கேரவன் நின்றது. ஆஸ்திரேலியத் தம்பதி, அவருக்கு எழுபது, அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு. இப்படி வண்டியோடு ஊர் சுற்றும் மூத்தோரை அங்கே 'கிரே நோமேட்ஸ்' என்கிறார்கள். நரைமுடி நாடோடிகள் என்று சொல்லலாம். அவர்கள் மேற்கே போகிறார்கள், நாங்கள் கிழக்கே. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் காய்கறி, பழம், தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்கத்தான். எங்கள் பக்கம் செடூனாவிலும் அதே போன்ற சோதனை உண்டு. ஆக, இரண்டு வீட்டு ஐஸ்பெட்டியும் காலியாக வேண்டிய இரவு அது. அவர்களுடைய கேரட், பூசணி, உருளைக்கிழங்கு எல்லாம் என் சாம்பாரில் விழுந்தன. நான் பெர்த்தில் வாங்கி வந்த பச்சை மிளகாயை அந்த ஐயா தைரியமாகக் கடித்துவிட்டு, அரை மணி நேரம் பேசவில்லை.

அந்த அம்மா பேசினார். வீட்டை விற்றுவிட்டு ஏழு வருடமாகச் சாலையில் இருக்கிறார்களாம். குளிர்காலத்தில் வடக்கே போய்விடுவார்கள். அங்கே ஒரு கேரவன் பூங்காவில் தினமும் சில மணி நேரம் குளியலறைகளைக் கழுவி, புல் வெட்டினால் இடமும் மின்சாரமும் இலவசம். அக்டோபர் முதல் கிறிஸ்துமஸ் வரை மேற்கே கோதுமை அறுவடை. விவசாயிகள் லாரியில் கொண்டுவரும் தானியத்தில் நீண்ட குழாயை விட்டு மாதிரி எடுத்து, ஈரப்பதமும் புரதமும் பார்க்கும் வேலை. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், ஈ மொய்க்கும், சில நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம்தான் அடுத்த வருடத்து டீசல்.

"கொடுத்து வைத்தவர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "பாதி ஆசை, பாதி கட்டாயம். வாடகை வீட்டில் இருந்தால் பென்ஷன் போதாது. இந்த வண்டியின் இன்ஜின் போனால் மாற்றப் பணமும் இல்லை" என்றார். அந்நாட்டில் முதியோர் பென்ஷன் 67 வயதில்தான் தொடங்குகிறது. வேலை செய்து ஓரளவு சம்பாதித்தாலும் பென்ஷனைக் குறைக்காத சலுகை இருப்பதால் பலர் இப்படிச் சமாளிக்கிறார்களாம்.

படிக்கும்போதே உங்களில் சிலருக்கு ஆசை வந்திருக்கும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் அங்கே வேலை செய்யக்கூடாது. இடம் இலவசம் என்பதற்காகக் குளியலறை கழுவுவதும் வேலைதான். முப்பது வயது வரையுள்ள மலேசிய இளையோருக்கு வேலையும் விடுமுறையும் சேர்ந்த தனி விசா உண்டு. பிள்ளைகள் அதைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

பாத்திரம் கழுவும்போது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் வடக்கே ஒரு சாலையில், பக்கத்து ஊர் 200 கி.மீ. தொலைவில் இருக்கும்போது, அவருடைய கணவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அதுவரை அந்த அம்மா கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு கி.மீ.கூட ஓட்டியதில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்த வேறொரு பயணி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். பிழைத்துவிட்டார். "அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குக் கணவர் மேல் வந்தது பயம் இல்லை, கோபம். இத்தனை வருடம் என்னை உட்காரவைத்தே கூட்டிப் போயிருக்கிறாரே என்று. பிறகுதான் தெரிந்தது, உட்கார்ந்தது நான்தானே" என்றார். இப்போது ஆளுக்கு நூறு கி.மீ. என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்களாம்.

"நீங்கள் பெர்த்திலிருந்து எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?" என்று கேட்டார்.

பதில் பூஜ்யம். லைசென்ஸ் எடுத்து 31 வருடம் ஆகிறது. அனைத்துலக லைசென்ஸும் கைப்பையில் இருந்தது. வாடகைப் பத்திரத்தில் இரண்டாவது ஓட்டுநராக மகள் என் பெயரைச் சேர்த்திருந்தாள். ஆனால் கிள்ளானில் நான் சந்தைக்கும் கோயிலுக்கும் தாண்டி ஓட்டியதில்லை. "நீ உக்காரு, நான் ஓட்டுறேன்" என்று அவர் சொல்வார். அது அன்பு என்று நானும் உட்கார்ந்துவிடுவேன்.

மறுநாள் காலை ஹெட் ஆஃப் பைட் போனோம். குளிர்காலத்தில் தென் கடலிலிருந்து திமிங்கிலங்கள் வந்து குட்டி போடும் இடம். செப்டம்பர் என்பதால் இன்னும் சில தாய்களும் குட்டிகளும் பாறைக்குக் கீழேயே மிதந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் இருவரும் பேசாமல் பார்த்தோம். வண்டிக்குத் திரும்பியதும் சாவிக்குக் கை நீட்டினேன்.

"என்னங்க, நான் ஓட்டுறேன்."

"இவ்வளவு பெரிய வண்டியா? வேணாம்மா."

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருங்க ஓட்டுவா?"

அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார். எதிரே 36 மீட்டர் நீளமுள்ள ரோட் டிரெயின் லாரி கடக்கும்போது, காற்று எங்கள் வண்டியை ஒரு முழம் தள்ளியது. அவர் கதவுப் பிடியை விடவே இல்லை. நானும் ஸ்டியரிங்கை விடவில்லை. நன்ட்ரூ வரை நூறு கி.மீ.க்கு மேல் ஓட்டி இறங்கியபோது முழங்கால் நடுங்கியது. செடூனாவில் மிச்சமிருந்த எலுமிச்சையையும் மிளகாயையும் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். அதற்குக்கூட வருத்தமில்லை.

நம் வீடுகளில் ஓய்வுக்காலம் என்றால் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறோம், மருத்துவக் காப்புறுதியைப் பார்க்கிறோம். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவருக்கு என்னென்ன தெரியும் என்று பார்ப்பதில்லை. வங்கிக் கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரிகிறது. எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்பது எனக்கு மட்டும் தெரிகிறது. கிள்ளானுக்குத் திரும்பியதும் இருவரும் மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். அவர் பக்கம் பதினொன்று வந்தது. என் பக்கம் இருபத்து மூன்று.

போன ஞாயிறு தைப்பிங்கில் ஒரு கல்யாணம். போகும்போது நான் ஓட்டினேன், வரும்போது அவர். நேற்று முதல்முறையாக அவர் ரசம் வைத்தார். புளி சற்று அதிகம். அடுத்த வாரம் சாம்பார் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது.