கைபேசிப் பெட்டியும் புகார்ப் பெட்டியும்

பள்ளி நேரத்தில் மாணவர் கையில் கைபேசி வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். காலையில் ஒருவன் போடும் சாதிப் பெருமை ஸ்டேட்டஸ், மதிய உணவு மணி அடிப்பதற்குள் ஒரு தலித் மாணவனைத் தனியாக உட்கார வைத்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்தது நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அது தந்த அறிக்கையும் வளாகத்தில் கைபேசிக்குத் தடை கேட்டது.

சரி, தடையை எப்படி நடத்துகிறோம்? நான் பார்த்தவரை, பறிமுதல். பிடிபட்ட போன் வாரக்கணக்கில் பீரோவில் கிடக்கும். அது பெரும்பாலும் மாணவனுடைய போன் அல்ல, வீட்டுடையது. சிலிண்டருக்கு ஓடிபி அதில்தான் வரும். நாளைக்கு வேலை உண்டா என்று மேஸ்திரி சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடுவதும் அதில்தான். அதை மீட்க அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கைகட்டி நிற்க வேண்டும். ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பையனின் போன் மட்டும் அன்று மாலையே திரும்பிவிடுகிறது. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத விதி இது!

2025-இல் கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் முழுத்தடையை ஏற்கவில்லை. முடிந்த இடங்களில் காலையில் ஒப்படைத்து மாலையில் வாங்கிக்கொள்ளட்டும் என்றது. ஒரு மரப்பெட்டி, ஒரு பதிவேடு, பெரிய செலவில்லை. யாருடைய போனும் மாலை மணிக்குப் பிறகு பள்ளியில் தங்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. உதவி எண் 14417 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். போனைப் பூட்டிய பிறகு எதில் கூப்பிடுவது? ஆசிரியர் அறையில், யார்மீது புகாரோ அவர் முன்னாலேயேவா? 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதன் சாவி தலைமையாசிரியர் மேசையில். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதே சந்துரு அறிக்கை சொன்னது. எங்களிடம் 700 பேர் படிக்கிறார்கள். அலுவலர் வரவில்லை, கைபேசித் தடை மட்டும் வந்துவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் படித்த பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கைபேசிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.